கருவாட்டு வாடியில் கணக்கு வகுப்பு: கடற்கரை ஊர்களில் தொழில் சொல்லித்தரப் போகும் கல்லூரி மாணவர்களுக்கு

தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் என்று ராமநாதபுரம் கடற்கரையில் எந்த ஊருக்குப் போனாலும், மீன் ஏலத்தில் பெண்கள் மனக்கணக்கில் விலை கேட்பதைப் பார்க்கலாம். கூடையில் எத்தனை கிலோ இருக்கும், எவ்வளவு கழியும், காய்ந்தால் எவ்வளவு நிற்கும், வியாபாரி என்ன விலை தருவார் என்பதெல்லாம் ஏலக்காரர் அடுத்த விலையைச் சொல்வதற்குள் அவர்கள் மனதில் ஓடி முடிந்துவிடும். “தொழில் கற்றுத்தரப் போகிறோம்” என்று கிளம்பும் மாணவர்கள் இந்த ஏலத்தை ஒருமுறை முழுதாக நின்று பார்த்துவிட்டுத்தான் வகுப்பைத் திட்டமிட வேண்டும். இந்தப் பெண்களுக்குக் கணக்கு நன்றாகவே தெரியும். அந்தக் கணக்கில் வராத ஒரு செலவு உண்டு, அது அவர்களுடைய சொந்த உழைப்பு. அதைக் கணக்கில் ஏற்ற வைப்பது உங்கள் வேலையில் பாதி. நீங்கள் படிப்பு முடித்துப் போன பிறகும் அந்தக் கணக்கு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது இன்னொரு பாதி. லோகோ, பேனர், தொடக்க விழா எல்லாம் இவற்றுக்குப் பிறகு நேரம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம்.

மாணவர்கள் ஊருக்குள் போய்த் தொழில் சொல்லித்தரும் முறை உலகம் முழுக்க உண்டு. 1975-இல் அமெரிக்காவில் தொடங்கி, 2012-இல் எனாக்டஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட அமைப்பு இதையே செய்கிறது. நம் கல்லூரிகளில் புதிதாக எந்த அமைப்பையும் உருவாக்க வேண்டியதில்லை. நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்த மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும், அதோடு 7 நாள் சிறப்பு முகாமும் உண்டு. 10 பேர் சேர்ந்தால் ஆண்டுக்கு 1,200 மணி நேரம். ஒரே ஒரு ஊரில், ஒரே ஒரு குழுவோடு உட்கார்ந்து வேலை செய்ய இது தாராளம். ஐந்து ஊருக்குப் பிரித்தால் எங்கும் எதுவும் நிற்காது. நான் பத்துப் பேரை வைத்தே சொல்கிறேன்: அவர்களில் ஐந்து பேராவது இரண்டாம் ஆண்டு மாணவர்களாகவும், பாதிப் பேர் பெண்களாகவும், இரண்டு பேராவது கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்தவர்களாகவும் இருக்க வேண்டும். வகுப்பு நடக்கப்போவது வீட்டு வாசலிலும், மீன் காயவைக்கும் வாடியிலும்தான். அங்கே பெண் பிள்ளைகள் போனால்தான் மனம்விட்டுப் பேச்சு நடக்கும்.

இந்தக் கரைப் பெண்களுக்குக் கூட்டாக நிற்கத் தெரியும் என்பதையும் மறக்கக் கூடாது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுத்துப் பிழைப்பவர்களில் ஒருவரான, பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி, பாசி எடுக்கும் பெண்களைத் திரட்டி உரிமை கேட்டதற்காக தீவுகளின் இயற்கையைக் காக்கும் அமெரிக்க அமைப்பான சீக்காலஜியின் விருதை 2015-இல் பெற்றார். இப்படிப்பட்டவர்கள் வாழும் கரையில் “தன்னம்பிக்கை வளர்ப்பு” உரையோடு போய் நிற்பது அவர்களுடைய அரை நாள் கூலியை வீணாக்குவதாகும்.

கடல் நாட்காட்டியும் கல்லூரி நாட்காட்டியும்

பெரும்பாலான மாணவர் திட்டங்கள் முதல் மாதத்திலேயே இடறுவது நாள் குறிப்பதில்தான். கல்லூரிக்கு விடுமுறை ஞாயிற்றுக்கிழமை, அதனால் வகுப்பும் ஞாயிறு காலை என்று முடிவாகும். ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை திரும்பும். ஆகவே செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில்தான் மீன் வந்து இறங்கும். அந்த நேரத்தில் வகுப்புக்கு வரும் பெண் வியாபாரத்தை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். கிறிஸ்தவ ஊர்களில் ஞாயிறு பூசையும் உண்டு, முஸ்லிம் ஊர்களில் வெள்ளி மதியம் ஆகாது. பாசி எடுப்பவர்கள் கடல் நீர் நன்றாக வற்றும் நாட்களில் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவார்கள். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால், பல ஊர்களில் மிஞ்சுவது திங்கள் அல்லது புதன் மாலை 4 மணி முதல் 5.15 வரை. அதற்கு மேல் இழுத்தால் இரவுச் சமையல் தடைப்படும், அடுத்த வாரம் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

ஆண்டுக் கணக்கும் இப்படித்தான். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகும் வத்தை என்கிற சிறு படகும் போகும், ஆனால் மீன் குறைவு, விலை அதிகம். அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பரப்பிய கருவாட்டை அள்ளி உள்ளே வைப்பதிலேயே நாள் போகும். வாடைக்காற்றில் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கொந்தளிக்கும், கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடாப் பக்கம்) கொந்தளிக்கும். உங்கள் ஊர் எந்தக் கடலைப் பார்த்து இருக்கிறது என்பதைப் பொறுத்து மீன் வரத்து மாறும். இதைக் கல்லூரிப் பருவத் தேர்வுகளோடு பொருத்திப் பாருங்கள். ஜூலையில் ஊரைப் பார்த்துப் பேசுவது, ஆகஸ்ட், செப்டம்பரில் எடையும் விலையும் கற்பது, மழை மாதங்களில் பதிவு, லேபிள், நோட்டு எழுதும் பழக்கம், ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல வெயிலில் உற்பத்தியும் விற்பனையும் என்று வைத்தால் இரண்டு நாட்காட்டியும் மோதாது. நவம்பரில் கருவாட்டு விற்பனையைத் தொடங்கத் திட்டம் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

ஊருக்குள் நுழைவதற்கு முன் கிராமத் தலைவரையோ கமிட்டியையோ பார்த்துச் சொல்லிவிட வேண்டும். ஊரைப் பொறுத்து ஜமாஅத்தையோ பங்குத்தந்தையையோ பார்க்க வேண்டியிருக்கும். அனுமதிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கடன் கொடுக்கும் கம்பெனிக்காரர்களும் வசூலுக்கு வருபவர்களும் நிறைய நடமாடும் ஊர்கள் இவை. நோட்டும் பேனாவுமாக வருகிற புது ஆட்கள் யார் என்ற கேள்வி எழுவது நியாயமானது. பெண்களை அக்கா, அத்தை என்றோ, கீழக்கரை பக்கம் லாத்தா என்றோ கூப்பிடுங்கள். “பயனாளி” என்ற சொல் உங்கள் அறிக்கையோடு நிற்கட்டும்.

எந்தப் பொருள்

புதுப் பொருளைக் கொண்டுபோகாதீர்கள். மெழுகுவத்தியும் சோப்பும் தயாரிக்கக் கற்றுத்தந்து, மூலப்பொருளைச் சென்னையிலிருந்து வரவழைத்து, விற்க இடமில்லாமல் கிடப்பில் போட்ட குழுக்கள் எல்லா மாவட்டத்திலும் உண்டு. ஏற்கெனவே அந்தப் பெண்கள் செய்து, ஏற்கெனவே யாரோ வாங்குகிற பொருளை எடுங்கள். இந்தக் கரையில் அது பெரும்பாலும் கருவாடு. சாயல்குடி பக்கம் கருப்பட்டி, ஓலைப்பெட்டி.

சிலவற்றைத் தொடவே கூடாது. கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்டது. கடல்குதிரை, பவளம், சில வகைச் சங்குகள், சிப்பிகளும் அந்தப் பட்டியலில் வரும். சங்குப் பொருள் செய்யும் குழுவோடு வேலை செய்வதாக இருந்தால், கையில் இருக்கும் ஒவ்வொரு வகையையும் வனத்துறையிடம் காட்டிக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். வழக்கு வந்தால் அது அந்தப் பெண்கள் மேல்தான் வரும்.

இனி நெத்திலிக் கருவாட்டை வைத்தே சொல்கிறேன், ஒரு பொருளை முழுதாகப் பார்த்தால் மற்றவற்றுக்கு அதே வழிதான்.

விலை போடுவது

முதல் வகுப்புக்குக் கரும்பலகை தேவையில்லை. ஒரு கிராம் வரை காட்டும் 10 கிலோ மேசைத் தராசு ஒன்றை எடுத்துப் போங்கள். 2 கிலோ பச்சை நெத்திலியை எல்லோர் முன்னாலும் எடை போட்டு, கழுவி, பரப்பி, காய்ந்த பிறகு மறுபடி எடை போடச் சொல்லுங்கள். நன்றாகக் காய்ந்தால் அரைக் கிலோவுக்கு அருகே நிற்கும், அதாவது நாலுக்கு ஒன்று. பெண்களுக்கு இது அனுபவத்தில் தெரிந்ததுதான், ஆனால் எண்ணாக எழுதி வைத்திருக்கமாட்டார்கள். அந்த எண்தான் அடுத்துவரும் எல்லாவற்றுக்கும் அடி.

இரண்டாவது வகுப்பில் நேரம். மீன் வாங்கப் போனது, தூக்கி வந்தது, கழுவியது, பரப்பியது, இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டியது, காக்கையும் நாயும் வராமல் பார்த்தது, அள்ளியது, தரம் பிரித்தது என்று ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டு எழுதுங்கள். பிறகு கேட்க வேண்டிய கேள்வி: “உங்க கைவேலைக்கு என்னக்கா கூலி போட்டீங்க?” பெரும்பாலும் வரும் பதில்: “நம்ம வேலைக்கு நாமளே என்னம்மா கூலி போட்டுக்கிறது?” இங்கே விரிவுரை செய்யாதீர்கள். “வேற வாடிக்குக் கூலிக்குப் போனா ஒரு நாளைக்கு என்ன தருவாங்க?” என்று மட்டும் கேளுங்கள். 400 ரூபாய் என்றால் எட்டால் வகுத்து, மணிக்கு 50 ரூபாய் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு முழுக் கணக்கு. எண்கள் வழிமுறையைக் காட்டுவதற்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். 20 கிலோ பச்சை நெத்திலி, கிலோ 80 ரூபாய் வீதம் 1,600. உப்பு 30. கரையிலிருந்து ஆட்டோ 100. வழக்கமான கணக்கு இதோடு நின்றுவிடும்: 1,730 ரூபாய் போட்டோம், 5 கிலோ கருவாடு வந்தது, வியாபாரி கிலோ 400 வீதம் 2,000 தந்தார், 270 லாபம். இதில் விட்டுப்போனவற்றைச் சேருங்கள். கழுவ வாங்கிய நல்ல தண்ணீர் 6 குடம், 60 ரூபாய். மீன் காயவைக்கும் வலைப் பரண், தராசு, சீல் போடும் மெஷின் ஆகியவற்றின் தேய்மானம், ஒரு தடவைக்கு 60 ரூபாய் என்று வைப்போம். இவற்றைக் கழித்தால் 2,000-இல் மிஞ்சுவது 150 ரூபாய். இரண்டு பெண்கள் சேர்ந்து உழைத்தது 10 மணி நேரம். அப்படியானால் மணிக்கு 15 ரூபாய்தான் கிடைத்திருக்கிறது.

இந்த எண் வரும் வரை அவசரப்படாதீர்கள். அவர்களே கூட்டி, அவர்களே கழித்து, அவர்கள் வாயிலிருந்தே வர வேண்டும். நாம் போட்டுக் காட்டினால் “காலேஜ் பிள்ளைங்க கணக்கு” என்று தள்ளிவிடுவார்கள்.

அடுத்து, பாக்கெட் போட்டால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். 5 கிலோவில் உடைந்ததையும் தூளையும் கழித்தால் 4.6 கிலோ நல்லது. 250 கிராம் வீதம் 18 பாக்கெட். கவரும் லேபிளும் பாக்கெட்டுக்கு 7 ரூபாய், மொத்தம் 126. கூலி 500. எல்லாம் சேர்த்து 2,476 ரூபாய், பாக்கெட்டுக்கு ஏறத்தாழ 138. அச்சிடும் விலை 200 என்று வைத்தால், கடைக்காரருக்கு 20 சதவீதம் 40 ரூபாய் போகும். மிச்சம் 160-இல், விற்காமல் திரும்புவதற்கு 5 சதவீதம், 8 ரூபாய் ஒதுக்கினால் 152. பாக்கெட்டுக்கு லாபம் 14 ரூபாய், 18 பாக்கெட்டுக்கு 252, கூலி 500 தனி. உடைந்த கருவாட்டை உதிரியாக விற்பது அதற்கு மேல்.

138-க்கு அடங்கிய பொருளை 200-க்கு விற்றால் 62 ரூபாய் லாபம் என்று அறிக்கையில் எழுதும் மாணவர்கள் கடைக்காரர் பங்கையும் திரும்பி வரும் பாக்கெட்டையும் மறந்தவர்கள். திட்டம் தொடங்கி மூன்றாவது மாதத்தில் “விற்கிறது, ஆனால் காசு இல்லை” என்ற நிலை வருவது இதனால்தான்.

இந்தக் கணக்கிலிருந்து கிடைக்கும் மிகப் பயனுள்ள விஷயம் ஏலத்தில் நிற்கும்போது உதவுகிற ஓர் எண். பச்சை மீன் கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால், 20 கிலோவுக்கு 200 ரூபாய், பாக்கெட்டுக்கு 11 ரூபாய் செலவு கூடுகிறது. லாபமே 14 ரூபாய்தான். ஆக 90-ஐத் தாண்டி ஏலம் போனால் அன்று நெத்திலி வாங்கக் கூடாது, காரலோ வாளையோ பார்க்கலாம், இல்லையென்றால் சும்மா இருக்கலாம். ஒவ்வொரு மீனுக்கும் இந்த உச்ச விலையைக் கண்டுபிடித்து, நோட்டின் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். “இன்னிக்கு வேண்டாம்” என்று திரும்பிவரத் தெரிந்த குழு நீடிக்கும்.

காய வைப்பதிலும் கட்டுவதிலும் கெடுவது

மணலில் பரப்பிய கருவாட்டை நகரத்துக்காரர் ஒருமுறைதான் வாங்குவார், பல்லில் மண் நறநறத்தால் மறுமுறை இல்லை. சவுக்குக் கம்பு நட்டு, இடுப்பு உயரத்தில் வலை கட்டிய பரண் போதும். 10 அடிக்கு 4 அடியில் இரண்டு பரண் இருந்தால் 20 கிலோ நெத்திலியை ஒற்றை அடுக்காகப் பரப்பலாம். அடியிலும் காற்று போவதால் சீக்கிரம் காயும். மேலே கொசுவலை போட்டால் ஈ உட்காராது. ஈக்குப் பூச்சிமருந்து தெளிக்கும் பழக்கம் எங்காவது கண்ணில் பட்டால், அதை நிறுத்தாமல் பாக்கெட் பேச்சையே எடுக்காதீர்கள். சாப்பிடுகிறவர் உயிரோடு விளையாடும் காரியம் அது.

காய்ந்ததா என்பதற்குத் தராசே சாட்சி. ஒரு தட்டை எடை போட்டு, இரண்டு மணி நேரம் வெயிலில் வைத்து மறுபடி போடுங்கள். எடை குறையவில்லை என்றால் காய்ந்துவிட்டது. வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு கவரில் போட்டு சீல் வைத்தால் உள்ளே நீர் கோத்து, சில நாளில் பூஞ்சை பிடிக்கும். நிழலில் ஆறவிட்டு, ஆனால் மாலை ஈரக்காற்று இறங்குவதற்குள் கட்டிவிட வேண்டும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாக நீரை இழுக்கும். கடற்கரையில் மாலையிலும் இரவிலும் அது சாதாரணம். உப்புக் கருவாடு “வேர்க்கிறது” என்று சொல்வது இதைத்தான். பகல் 12 முதல் 3 மணிக்குள் கட்டுவது நல்லது. எடையில் கவரின் எடையைக் கழித்துவிட்டுக் கருவாடு மட்டும் 250 கிராமுக்கு இரண்டு மூன்று கிராம் கூடுதலாக இருக்கட்டும். வியாபாரத்துக்குப் பயன்படுத்தும் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

பதிவு வேலைகளில் மாணவர்கள் உண்மையிலேயே பெரிய உதவி. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, அதற்குக் கட்டணமே கிடையாது. அரசு இணையதளம் போலவே தோற்றமளித்துப் பணம் கேட்கும் பக்கங்கள் நிறைய உண்டு, கவனம். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தால் 14 இலக்க எண் கிடைக்கும், அது லேபிளில் வர வேண்டும். அதோடு பொருளின் பெயர், சேர்மானம், அசைவக் குறி, நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், எதுவரை பயன்படுத்தலாம், தொகுதி (பேட்ச்) எண், எல்லா வரியும் உட்பட்ட அதிகபட்ச விலை, கிராம் ஒன்றுக்கு என்ன விலை, தயாரித்தவர் முகவரி, புகாருக்கு ஒரு தொலைபேசி எண். அசைவக் குறி இப்போது பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம்; பழைய வட்டக் குறியை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிவிடாதீர்கள். ஆயிரக்கணக்கில் கவர் அச்சடிக்காமல், வெற்றுக் கவரில் ஒட்டும் லேபிளாகத் தொடங்குங்கள். ஒரு விவரம் தவறினாலும் 100 லேபிள்தான் போகும்.

ஜிஎஸ்டி பற்றி ஒன்று. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை என்பது பலருக்குத் தெரியும். வரி உள்ள பொருளை வெளி மாநிலத்துக்கு அனுப்பினால் இந்த வரம்பு பொதுவாகச் செல்லாது என்பது தெரியாது. பெங்களூரு, கொச்சியிலிருந்து ஆர்டர் வந்ததும் கூரியரில் போட்டுவிடாமல், ஆடிட்டர் ஒருவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

முன்பணம்

“இடைத்தரகரை ஒழிப்போம்” என்று ஊருக்குள் போகாதீர்கள். மழைக்காலத்தில், தடைக்காலத்தில், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நள்ளிரவிலும் பணம் தருகிறவர் அந்த வியாபாரிதான். அவருக்கே சரக்கைக் கொடுக்க வேண்டும் என்ற வாய்ச்சொல் ஒப்பந்தம் அதற்குப் பின்னால் இருக்கிறது. நீங்கள் அதை உடைத்துவிட்டு ஏப்ரலில் தேர்வு எழுதப் போய்விட்டால், அந்த வீடுகள் மே மாதம் யாரிடம் போகும்?

உறவை உடைக்காமல் அதன் விலையைக் கணக்கிட்டுக் காட்டுங்கள். 10,000 ரூபாய் முன்பணம், வட்டி எதுவும் இல்லை. ஆனால் சந்தை விலையைவிடக் கிலோவுக்கு 30 ரூபாய் குறைவாக எடுத்துக்கொள்கிறார், மாதம் 20 கிலோ போகிறது. அப்படியானால் மாதம் 600 ரூபாய், நூற்றுக்கு 6 ரூபாய் வட்டி, ஆண்டுக்கு 72 சதவீதம். முதலோ அப்படியே நிற்கிறது. சுயஉதவிக் குழுவின் உள்கடன் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்று இருக்கும்போது இந்த வித்தியாசத்தைப் பார்த்ததும் அவர்களே வழி தேடுவார்கள். பாதுகாப்பான வழி இது: உற்பத்தியில் கால் பங்கை மட்டும் பாக்கெட்டுக்கு ஒதுக்கி, முக்கால் பங்கு வழக்கம்போல வியாபாரிக்கே போகட்டும். பாக்கெட் லாபத்தில் ஒரு பகுதியைத் தடைக்கால நிதியாகக் குழுவில் சேர்க்கட்டும். அந்த நிதி வீட்டுக்கு 3,000, 4,000 என்று கடன் தரும் அளவுக்கு வளர்ந்த பிறகு, முன்பணத்தை அடைப்பதா வேண்டாமா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். இதற்கு இரண்டு ஆண்டாவது பிடிக்கும், ஒரே கல்வியாண்டில் முடித்துக் காட்ட முடியாது.

மாணவர்கள் திரட்டும் தொடக்கப் பணத்தையும் தானமாகக் கொடுக்காதீர்கள். தராசு 2,500, இரண்டு பரண் 3,000, சீல் மெஷின் 1,800, முதல் இரண்டு தடவைக்கு மீன் 3,200, கவரும் லேபிளும் 1,500 என்று 12,000 ரூபாயில் தொடங்கலாம். இதை வாரம் 500 வீதம் 24 வாரத்தில் குழுவே தன் கணக்கில் திருப்பிக் கட்டட்டும். பணம் கல்லூரிக்குத் திரும்ப வேண்டியதில்லை, அதுவே தடைக்கால நிதியின் முதல் தொகை. இலவசமாக வந்த மெஷின் பழுதானால் யாரும் சரிசெய்ய மெனக்கெடமாட்டார்கள், கட்டி வாங்கியதை அன்றே எடுத்துப்போவார்கள்.

நோட்டும் போனும்

செயலி வேண்டாம். நீளமான கணக்கு நோட்டில் தேதி, விவரம், வரவு, செலவு என்று நாலு கட்டம். கடன் சொல்லி வாங்கியவர்களுக்குப் பின்பக்கத்திலிருந்து தனியாக. வியாபாரப் பணத்துக்கென்று தனிச் சுருக்குப்பை. அதிலிருந்து வீட்டுக்கு எடுத்தால் அதையும் எழுத வேண்டும், எடுக்கக் கூடாது என்று சொல்லக் கூடாது. எழுதத் தெரியாதவர் சொல்ல, தெரிந்தவர் எழுதட்டும், ஆனால் மாதம் ஒருமுறை எழுதுகிற கை மாற வேண்டும். ஒரே ஆள் எழுதிக்கொண்டிருந்தால், உண்மையோ பொய்யோ, ஆறாவது மாதம் சந்தேகம் முளைத்துவிடும். மாணவர்கள் நோட்டில் எழுதவே கூடாது, கூட்டல் சரியா என்று பென்சிலால் ஒரு கோடு போடலாம்.

க்யூஆர் அட்டையில் தகராறு நிச்சயம் வரும். இரண்டு கையெழுத்து தேவைப்படும் குழுக் கணக்கில் பெரும்பாலும் யுபிஐ கிடைக்காது, யாராவது ஒருவருடைய சொந்தக் கணக்கில்தான் பணம் விழும். அப்படியானால் அந்தப் பெண்ணின் பெயரை எல்லோரும் கூடித் தேர்ந்தெடுத்து, நோட்டில் எழுதி, வாரம் ஒருநாள் அந்தத் தொகையைக் குழுக் கணக்குக்கு மாற்றும் நாளையும் குறித்துவிட வேண்டும். நுண்கடன் தவணைக்காக வங்கி தானாகப் பணம் பிடிக்கும் கணக்காக அது இருக்கக் கூடாது, இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மாணவர் திட்டங்கள் ஒரே நாளில் செத்துப்போவதற்குக் காரணம் தொலைபேசி எண்தான். உத்யம், உணவுப் பதிவு, வாட்ஸ்அப் வியாபாரக் கணக்கு, இன்ஸ்டாகிராம் எல்லாவற்றையும் சுறுசுறுப்பான ஒரு மாணவர் தன் எண்ணில் தொடங்கிவிடுவார். அவர் படிப்பை முடித்துச் சென்னைக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போன பிறகு ஓடிபி அவருக்குப் போகும், ஆர்டர்களும் அவருக்கே போகும். முதல் பதிவு செய்வதற்கு முன்பே குழு உறுப்பினர் ஒருவர் பெயரில் புது சிம் வாங்கி, பழைய போன் ஒன்றில் போட்டு, குழுவிடம் வைத்துவிடுங்கள். கடவுச்சொற்கள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும். லேபிளில் அந்த எண்தான் வர வேண்டும்.

விற்பது

கல்லூரி ஆசிரியர்களும் உறவினர்களும் வாங்கும் முதல் 50 பாக்கெட்டை விற்பனையாக எண்ணாதீர்கள். அன்பால் வாங்குகிறார்கள். கண்காட்சி ஸ்டால் விற்பனையும் அப்படித்தான். அதே ஆள் இரண்டாவது முறை கேட்டு வாங்கினாரா என்பதுதான் கணக்கு. ராமேஸ்வரத்துக்கு ஆயிரக்கணக்கில் வருகிறவர்களை நம்பித் திட்டம் போடுவதிலும் கவனம் வேண்டும். கோயிலுக்கு வருகிறவர் கருவாடு வாங்கமாட்டார். ஓலைப்பெட்டியில் வைத்த கருப்பட்டி வாங்குவார். கருவாட்டுக்கு ராமநாதபுரம், பரமக்குடி, மதுரைக் கடைகளும் வாரச் சந்தைகளும்தான் நிலையான இடம். பேருந்தில் கொண்டுபோகிறவருக்கு வாசம் வெளியே வராதபடி இரட்டைக் கவர் போட்டால், அதற்காகவே திரும்ப வாங்குவார்கள். கடைக்குக் கொடுக்கும்போது முதல் மாதம் 10 பாக்கெட்டுக்கு மேல் வைக்காதீர்கள், பழைய பணம் வந்த பிறகே அடுத்த சரக்கு. உள்ளூர்ச் செய்திக்குப் பாம்பன் கடல் ஓசை 90.4 வானொலியில் பேசும் வாய்ப்புக் கிடைத்தால் மாணவர்கள் பேசாமல் குழுவிலிருந்து ஒருவரைப் பேசச் சொல்லுங்கள்.

கையளிப்பது

மார்ச் மாதத்துக்குள் முடிக்க வேண்டும், ஏப்ரலில் உங்களுக்குத் தேர்வு, அவர்களுக்குத் தடைக்காலம். பிப்ரவரி முதலே ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் போகாமல் இருந்து பாருங்கள். நீங்கள் போகாத வாரத்தில் நோட்டு எழுதப்பட்டிருந்தால், கடைக்குச் சரக்கு போயிருந்தால், வேலை அவர்கள் கைக்கு மாறிவிட்டது. எழுதப்படவில்லை என்றால் எந்த இடத்தில் நின்றது என்று பாருங்கள்; பெரும்பாலும் கவர் வாங்குமிடம், லேபிள் அச்சடிக்குமிடம் இந்த இரண்டும் மாணவர்களுக்கு மட்டுமே தெரிந்ததாக இருக்கும். அவர்களையே ஒருமுறை அந்தக் கடைகளுக்கு அழைத்துப்போய், விலை பேசி வாங்க வைக்க வேண்டும்.

அறிக்கையில் எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம் என்பதைவிட, கூலி மணிக்கு 15-இலிருந்து எவ்வளவு ஆனது, மூன்று மாதம் கழித்தும் எத்தனை பேர் நோட்டு எழுதுகிறார்கள், தடைக்கால நிதியில் எவ்வளவு இருக்கிறது என்ற மூன்றையும் எழுதுங்கள். கடைசிக் கூட்டத்துக்கு அடுத்த ஆண்டு பொறுப்பேற்கும் இரண்டாம் ஆண்டு மாணவர்களையும் கூட்டிப்போங்கள். ஜூன் 15-க்குப் பிறகு முதல் படகுகள் திரும்பும் வாரத்தில் அவர்கள் வந்து, தராசில் முத்திரைத் தேதி, உணவுப் பதிவு நடப்பில் இருக்கிறதா, அந்த போனில் ரீசார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உச்ச விலைப் பட்டியலைப் புது மீன் விலைக்கு ஏற்பக் குழுவோடு உட்கார்ந்து மாற்றி எழுத வேண்டும்.